மேல்குரல்காரன் ஆரம்பிப்பதில்லை

சக்கரியாஸின் இடது கால் பூட்ஸுக்குள் போக மறுத்தது. அவர் மனைவி விட்டாலினா கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, குதிகாலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஓர்ப்படி பெலிஸ்மினா மறுபக்கம் நின்று முழங்காலை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"விடியக்காலம் செத்த மனுஷன், இன்னும் பிடிவாதம் போகல பாரு," என்றாள் விட்டாலினா.

"அக்கா, அந்தக் கல்யாண ஷூவை மாட்டி விட்டுருவோமா? அது லேசாப் போகும்."

"குழுவுக்குப் போட்டுட்டுப் போற பூட்ஸு இதுதான். இதோடதான் போவார். நீ அடுப்படியில இருந்து ஆலிவ் எண்ணெய எடுத்துட்டு வா."

எண்ணெயைக் குதிகாலில் தேய்த்ததும் கால் உள்ளே போனது. விட்டாலினா கயிற்றை இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்து, இறுக்கம் அதிகமோ என்று ஒரு முடிச்சைத் தளர்த்தியும் விட்டாள். பெலிஸ்மினா அதைப் பார்க்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெலிஸ்மினாவின் புருஷன் ஜசிந்து, செத்துப்போனவருக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் அண்ணன் வீடு, அந்தப்பக்கம் தம்பி வீடு. அண்ணனும் தம்பியும் பேசி முப்பது வருஷமாகிறது. அவர்கள் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் ஓர்ப்படிகள் இருவரும் பேசித் தீர்த்து வந்தார்கள். அதனால் அந்த இரண்டு வீட்டிலும் மொத்தப் பேச்சு குறைந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

வாசலில் இருமல் கேட்டது. இப்போலித்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாட்டுக்குழுவின் தலைவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருடைய கால்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. நிற்கும்போதும் ஒரு கால் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்.

"விட்டாலினா அக்கா, மனசு ஆறல. நாளைக்குக் காலையில குழுவே வருது. கொடியெல்லாம் இஸ்திரி போட்டாச்சு. சாமியார் பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணம் நடத்தி வைக்கணுமாம். பாட்டைச் சட்டுனு முடிச்சிரலாம்."

"யார் எடுத்துக் குடுக்கிறது?"

"நான்தான். வேற யாரு?"

"மேல்குரல்?"

"அதையும் நானே பாத்துக்கிறேன்."

"அப்ப பெட்டிக்குள்ளயும் நீயே ஏறிப் படுத்துக்கோயேன். இவருக்கு எதுக்கு வீண் சிரமம்?"

பெலிஸ்மினா சிரிப்பை அடக்கத் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். இப்போலித்து தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றி, "சரி, நாளைக்குப் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வீட்டுக் கதவைப் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டே போனார்.

எங்கள் பக்கத்துப் பாட்டில் சட்டம் ஒன்றுதான். ஒருவர் எடுத்துக்கொடுப்பார். முதல் பாட்டடி முழுவதையும் அவர் மட்டும், தாழ்ந்த குரலில், தனியாகப் பாடுவார். பிறகு மேல்குரல்காரர் அதற்கும் மேலே ஏறி ஒரு வார்த்தையைத் தூக்கிப் பிடிப்பார். அவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் மற்ற எல்லோரும் வாயைத் திறப்பார்கள். வாத்தியம் கிடையாது. சக்கரியாஸ் எடுத்துக்கொடுப்பவர், ஜசிந்து மேல்குரல். அப்படித்தான் இருந்தது, ஒரு காலத்தில்.

எங்கள் ஊரான வால்தரோலாவின் அறுவடைக்காரர் பாட்டுக்குழு உண்டானதற்கே காரணம் போலீஸ்தான். அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு நாலு பேர் கூடி நின்று பேசினால் ஆகாது. நாற்பது பேர் கூடி நின்று பாடினால் நாட்டுப்பற்று என்று பூரித்துப்போகும். ஆகவே எங்கள் ஊரில் பேச வேண்டியதையெல்லாம் பாடினார்கள். கூலி போதவில்லை என்று பாடினார்கள். ஒருவன் பெண் கேட்டதும், பெண்ணின் அப்பன் முடியாது என்றதும், அவன் மறுபடி கேட்டதும் ஒரே பாட்டுக்குள் நடந்து, கடைசிக் கதிர் சாய்வதற்குள் நிச்சயமும் ஆகிவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் குதிரைமேல் இருந்தபடியே கேட்டு, அப்படியே தூங்கிப்போனார். குதிரையும் தூங்கியது. குதிரை எழுந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. போலீஸ்காரரைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

அவசரப்படாமல் பாட வேண்டும் என்பது எழுதாத விதி. குழுவின் பெரிய பாட்டில் ஒரு பெண் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகிறாள், அவ்வளவுதான் கதை. சக்கரியாஸுக்கும் ஜசிந்துவுக்கும் அவர்களுடைய அம்மா பாடிக் காட்டிய பாட்டு. ஒருமுறை கோயில் கோபுரத்து நாரைகள் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய அன்று ஆரம்பித்தார்கள். நாரைகள் திரும்பி வந்து கூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் தெருமுனையில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த அரசாங்கத்தைக் கவிழ்த்த புரட்சிக்குப் பிறகு சில வருஷம் கழித்துத் தலைநகர் லிஸ்பனிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். மூன்று நிமிஷம் தருவதாகச் சொன்னார்கள். சக்கரியாஸ் தலையை ஆட்டிவிட்டார். மரியாதைக்காரர். அவ்வளவு பெரிய விளக்குகளின் கீழே நின்றுகொண்டு முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்று நிமிஷத்தில் முடிகிற வேகத்தில் எடுத்துக்கொடுத்தார். ஜசிந்து பழைய வேகத்தில் மேலே ஏறினார். குழு நடுவில் பிளந்தது. பாதிப்பேர் அண்ணன் பின்னால், பாதிப்பேர் தம்பி பின்னால். அண்ணன் கட்சியின் பெண் ஓட்டமாக ஓடித் தண்ணீர் எடுத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். தம்பி கட்சியின் பெண் இன்னும் குடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். விளக்கை அணைத்தார்கள்; ஜசிந்துவின் ஆட்கள் இருட்டில் பாடினார்கள். கதவைப் பூட்டினார்கள், உள்ளே இருந்து பாடினார்கள். மறுநாள் வானிலைச் செய்தி வாசித்தவருக்குப் பின்னால் அவர்கள் குரல் கேட்டதாகப் பக்கத்து நகரமான பேஜாவில் ஒரு பார்பர் சத்தியம் செய்தார்.

ஊருக்குத் திரும்பிய அன்று ஜசிந்து அண்ணனிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அம்மா பாட்டை ஓட விட்டுட்டியேடா." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஊரில் இரண்டு குழு. ஒன்று அறுவடைக்காரர் குழு, மற்றது அசல் அறுவடைக்காரர் குழு. முதல் குழுவுக்குக் கொடி இருந்தது, மேல்குரல் இல்லை. இப்போலித்து அந்த இடத்தில் நின்று தன்னால் ஆனதைச் செய்தார். அசல் குழுவுக்கு மேல்குரல் இருந்தது, எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அவர்கள் கூடுவார்கள், வரிசையில் நிற்பார்கள், ஒயின் குடிப்பார்கள், கலைவார்கள். அதில் ஒவ்வொருவராகச் செத்து, இப்போது ஜசிந்து ஒருவர்தான் மிச்சம். கூட்டம் மட்டும் தவறாமல் வியாழக்கிழமை ஒயின்கடையில் நடக்கும். போன வருஷம் நடந்த வாக்கெடுப்பில் அவர் தோற்றும் போனார்.

முந்தின நாள் மத்தியானம் சக்கரியாஸ் ரொட்டி சூப்பில் இரண்டு கரண்டி குடித்தார். கொத்தமல்லி கம்மி என்றார். குளிர்காலம் முழுவதும் நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தவர். அன்று குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"விட்டாலினா, ஜசிந்து மேல்குரல் எடுக்காம என்னைக் குழிக்குள்ள இறக்க விடாதே."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்பப் பேசாம அப்புறமா பேச முடியும்? எடுத்துக் குடுக்கிறது என் வேலை. ஒரு தடவை தப்பாக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவனுக்குக் குடுக்கவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்போலித்து கத்தினா நான் உள்ள புரண்டு படுத்துருவேன், ஆமா."

"ஜசிந்து பாடுவான்," என்றாள் விட்டாலினா. கரண்டியை வாங்கிக் கழுவப் போனாள்.

இப்போது, உடுத்தி முடித்து, கைகளைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றிவிட்டு, அவள் பின்பக்கமாகத் தம்பி வீட்டு முற்றத்துக்குப் போனாள். ஜசிந்து எலுமிச்சை மரத்தடியில் முக்காலியில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். காலையில் பெலிஸ்மினா சேதி சொன்னதிலிருந்து நறுக்குகிறார். வீட்டிலிருந்த ரொட்டி தீர்ந்து, கடையில் வாங்கியதும் தீர்ந்து, இது யாரோ கொடுத்த ரொட்டி. பாத்திரம் நிரம்பி, வாளி நிரம்பி, கோழிகள் தின்ன முடியாமல் ஒதுங்கி நின்றன.

"மதினி," என்றார் நிமிராமல்.

"ஜசிந்து."

கத்தி இரண்டு முறை போய் வந்தது.

"கால்ல எதைப் போட்டே?"

"குழு பூட்ஸு."

"இடது காலு கடிக்குமே அவனுக்கு."

"எண்ணெய் தேய்ச்சேன். போயிருச்சு."

இன்னொரு துண்டு விழுந்தது. விட்டாலினா கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீ பாடணும்."

"வருவேன். தொப்பியைக் கழட்டிட்டு நிப்பேன்."

"தொப்பியைப் பத்தி யாரு கேட்டா? பாடணும்னேன். அவர் கேட்டுட்டுப் போயிருக்காரு."

ஜசிந்துவின் கத்தி நின்றது. "என்ன கேட்டான்?"

அவள் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜசிந்து கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"யார் எடுத்துக் குடுக்கிறது?" என்றார்.

"இப்போலித்து இருக்கான்."

"தபால்காரன். அவன் எடுத்துக் குடுத்தா பாட்டு பெல்லை அடிச்சிட்டு அடுத்த தெருவுக்குப் போயிரும். அந்த வேகத்துக்கு நான் ஏற மாட்டேன். எங்க அண்ணன் குடுத்ததுக்கே ஏறல."

"அப்ப நீயே ஆரம்பி."

"மேல்குரல்காரன் ஆரம்பிக்கிறதில்ல, மதினி. கீழ ஒரு குரல் இருந்தாத்தான் மேல ஒரு குரல். இல்லேன்னா அது வெறும் கத்தல். எடுத்துக் குடுக்கிறவன் பெட்டிக்குள்ள கிடக்கான். நான் யாரு மேல ஏறுறது?"

விட்டாலினா எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் தட்டினாள்.

"பாடுவே," என்றாள்.

"மாட்டேன் மதினி."

"நீ பாடுவேன்னு சொல்லிட்டேன் அவர்கிட்ட. செத்தவர்கிட்டப் போய் மாத்திச் சொல்ல முடியாது."

சாயங்காலம் லிஸ்பனிலிருந்து மகள் லூர்தெஸ் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டாள்.

"சித்தப்பா மாட்டேங்கிறாரே. எப்படிம்மா பாட வைப்பே?"

"தெரியாது."

"தெரியாதுன்னு இவ்வளவு தைரியமாச் சொல்றே!"

"பாடுவான்டி. அவனுக்குப் பால்பல் விழுந்தபோதிருந்து எனக்குத் தெரியும். நீ போய் நாற்காலியெல்லாம் எடுத்துப் போடு."

மறுநாள் காலை ஊர்வலம் புறப்பட்டது. வெயில் சுண்ணாம்புச் சுவர்களில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. முன்னால் கொடி, பின்னால் கறுப்புத் தொப்பியைக் கையில் பிடித்த அறுவடைக்காரர்கள், அதற்குப் பின்னால் பெட்டி. இப்போலித்து தெருமுனை திரும்புவதற்குள் ஒரு பாட்டை எடுத்து, மேல்குரலுக்குத் தானே ஏறி, இறங்கி, கோரஸில் சேர்ந்து, முடித்தும்விட்டார். பெட்டி சுமந்தவர்கள் அந்த வேகத்துக்கு நடக்க முயன்றதில் சக்கரியாஸ் உள்ளே ஒரு பக்கமாகச் சரிந்த சத்தம் கேட்டது. புரண்டு படுத்துவிட்டார் என்று விட்டாலினா நினைத்துக்கொண்டாள். ஜசிந்து கடைசி வரிசையில், பெலிஸ்மினாவுக்குப் பக்கத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு வந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. வெட்டுகிறவர் மண்வெட்டியை நட்டு வைத்து, அதில் சாய்ந்து நின்றார். சாமியார் தண்ணீர் தெளித்து, ஜெபம் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போலித்து தொண்டையைச் செருமினார்.

"இரு," என்றாள் விட்டாலினா.

அவர் வாய் திறந்தபடி நின்றது. விட்டாலினா பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து, அறுவடைக்காரர்களைப் பார்த்து நின்றாள். எடுத்துக்கொடுப்பவர் நிற்கிற இடம் அது. பெண்கள் நிற்கிற வழக்கம் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாட ஆரம்பித்தாள்.

விட்டாலினா பாடி ஊரில் யாரும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சிறுமியாக இருந்தபோது கோயிலில் அவள் வாயை அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம் என்று அன்றைய சாமியாரே கேட்டுக்கொண்டிருந்தார். கடவுளைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னதாகவும் சொன்னார். இப்போது அந்தக் குரல் வெளியே வந்தது. முதல் வார்த்தை வால்தரோலாவில் கிளம்பியது. இரண்டாவது பேஜா ரோட்டில் போய் நின்றது. மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை, ஸ்பெயின் எல்லை பக்கம்தான். சைப்ரஸ் மரத்திலிருந்த குருவிகள் மொத்தமாக எழுந்து பக்கத்து ஊர்க் கல்லறைக்குப் போயின. லூர்தெஸ் கறுப்புத் துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆனால் வேகம் சரியாக இருந்தது. குழு பிளப்பதற்கு முன்னால் வருஷக்கணக்கில் அந்தப் பாட்டை அடுப்படியிலிருந்து, துணி துவைக்கிற கல்லிலிருந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, கேட்டவள் அவள். குடத்தை எடுக்க அந்தப் பெண் கையை நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

பாட்டடி முடிந்தது. மேல்குரல் வர வேண்டிய இடம். விட்டாலினா நிறுத்தினாள்.

யாரும் வரவில்லை. கொடித்துணி ஒருமுறை படபடத்து அடங்கியது. அவள் ஜசிந்து பக்கம் திரும்பவே இல்லை. குழி வெட்டுகிறவரின் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை இன்னும் மோசமாக இருந்தது. முதல் முறை தவறாத இரண்டே இடங்களிலும் இப்போது தவறினாள். வேண்டுமென்றே செய்தாளா என்று பிற்பாடு பலர் கேட்டுப் பார்த்தார்கள். அவள் கொத்தமல்லி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

கடைசி வரிசையில் ஜசிந்துவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. தொப்பியைக் கசக்கினார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். பக்கத்தில் நின்றவர்கள் தானாக விலகி வழி விட்டார்கள். அது தெரியாமலே அவர் முன்னால் வந்துவிட்டிருந்தார்.

"மேல மதினி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னும் மேல. அம்மா பாட்டு அது."

விட்டாலினா பாட்டை நிறுத்தவில்லை. அடியின் கடைசி வார்த்தையை அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்காமல், பாதி வழியிலேயே விட்டுவிட்டு, "எனக்கு இவ்வளவுதான் எட்டும்," என்றாள். "எட்டுறவங்க எடுத்துக்கட்டும்."

அந்த வார்த்தை அப்படியே அந்தரத்தில் தொங்கியது. அதை அங்கே விட்டுவைக்க ஜசிந்துவால் முடியவில்லை. கண்ணை மூடினார், வாயைத் திறந்தார்.

கிழட்டுக் குரல்தான். முதலில் துருப்பிடித்த கதவு போல ஒரு சத்தம். பிறகு அது விட்டாலினாவின் குரலுக்கு அடியில் கைகொடுத்து, தூக்கி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, அதற்கும் மேலே ஏறி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அறுவடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சேர்ந்தார்கள். அந்தப் பழைய வேகத்தை அவர்களில் பாதிப்பேர் பாடியதே இல்லை, ஆனாலும் பாடினார்கள். இப்போலித்து கீழ்க்குரலில் சேர்ந்தார். அவருடைய இரண்டு கால்களும் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்றன.

பாட்டு எவ்வளவு நேரம் போனது என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு உண்டு. பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை காத்திருந்து காத்திருந்து தாடி வளர்ந்துபோனதால் மறுபடி சவரம் செய்ய வேண்டியிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கயிறு பிடித்தவர்கள் நடுப்பாட்டில் பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். பாட்டின் வேகத்துக்கே இறக்கினார்கள். விட்டாலினா கையைப் பின்னால் கட்டியபடியே பெட்டி போவதைப் பார்த்தாள். அந்தப் பெண் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். தண்ணீர் இறைத்தாள். பாட்டு நின்றது.

லூர்தெஸ் முதலில் ஒரு பிடி மண் போட்டாள், பிறகு விட்டாலினா, பிறகு பெலிஸ்மினா. காய்ந்த மண், கற்கள் பலகையில் விழுந்து டக் டக்கென்றன. குழி வெட்டுகிறவர் எச்சிலைத் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"பொறு," என்றார் ஜசிந்து. "கல்லு குத்துமே அவனுக்கு."

குனிந்து ஒரு பிடி அள்ளினார். போடவில்லை. உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மண்ணைப் பரப்பி, அதிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட ஆரம்பித்தார். சின்னஞ்சிறு கல்லைக்கூட விடவில்லை. கண் சரியாகத் தெரியாததால் கையை வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விட்டாலினா பக்கத்தில் போய், அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு கல்லைத் தன் நகத்தால் எடுத்தாள். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை மறுபடி ஊன்றி, அதில் சாய்ந்துகொண்டார்.